கூரை பிரித்த பகல்

4-6-1959, வியாழன்.

நேற்று எழுதியதில் ஒரு பிழை. கனி பாய்க்கு நாங்கள் செய்து கொடுத்த பட்டை மூன்று என்று எழுதியிருக்கிறேன். நான்கு. கடைசிப் பட்டையை டிரைவர் ஜமால் மே 25 சாயங்காலம் வந்து தனியாக வாங்கிப் போனதால் அது விட்டுப் போயிற்று. இனி ஒவ்வொன்றாக எண்ணி எழுத வேண்டும்.

எழுதி முடித்த பிறகு ராசாத்தி அந்த வரிகளை விரல் வைத்து இன்னொரு தரம் படித்தாள். எதையும் ஒரு தரம் பார்த்து நம்புகிற பழக்கம் அவளுக்கு இல்லை. குழம்பில் உப்பு போட்டுவிட்டு மூன்று தரம் நாக்கில் விட்டுப் பார்ப்பாள். கதவைப் பூட்டி இழுத்துப் பார்த்துவிட்டுப் போகிறவள் பாதி வழியிலிருந்து திரும்பி வந்து மறுபடி இழுப்பாள். ஐந்தாவதோடு நின்றுபோன படிப்பை எட்டாவது வரை முடித்துவிட வேண்டுமென்று தை மாதத்தில் பெண்களுக்கான மாலை வகுப்பில் சேர்ந்திருந்தாள். அங்கே அற்புதசாமி சார் எல்லோரையும் தினக்குறிப்பு எழுதச் சொன்னார். அன்று செய்த பிழை ஒன்று, மறுநாள் செய்ய வேண்டியது ஒன்று, இந்த இரண்டும் கட்டாயம் இருக்க வேண்டும் என்றார். மற்ற பெண்களுக்குப் பிழை தேடுவது கஷ்டமாக இருந்தது. ராசாத்திக்கு எதை விடுவது என்பதுதான் கஷ்டம்.

திருவானைக்காவலிலிருந்து ஸ்ரீரங்கம் போகிற வழியில் வடக்கே திரும்பினால் கொள்ளிடக் கரைக்கு ஒரு வண்டிப்பாதை போகும். அந்தப் பாதையில்தான் அவள் புருஷன் ரத்தினவேலின் கொல்லுப்பட்டறை. பின்னால் ஒற்றை அறை வீடு. மண்வெட்டி, கடப்பாரை, வண்டிச் சக்கரப் பட்டம் என்று இருந்த பட்டறைக்கு இரண்டு வருஷமாக ஜீப் வேலை வந்தது. ராணுவம் ஏலத்தில் கழித்துவிட்ட ஜீப் நான்கை வாங்கி வைத்துக்கொண்டு, கொள்ளிடக் கரைக்குக் கல் கொண்டுபோய்ப் போடும் காண்டிராக்ட் எடுத்திருந்தார் முகம்மது கனி. ஆற்று மணலிலும் கரைச் சரிவிலும் கல்லை ஏற்றிக்கொண்டு ஓடினால் முதலில் போவது பட்டைதான். சக்கரத்துக்கு மேலே வில்லாக வளைத்து அடுக்கிக் கட்டியிருக்கும் இரும்புத் தகடுகள் அவை. அதில் மேலே இருக்கும் நீளமான ஒன்றுக்குத்தான் இரண்டு முனையிலும் சுருட்டிய கண் இருக்கும். அதை மெயின் பட்டை என்பார்கள். வண்டியைப் பிடித்து நிறுத்துவது அது. மற்றதெல்லாம் அதற்கு முட்டு. அசல் பட்டை மெட்ராஸிலிருந்து வர மூன்று வாரம் ஆகும். ரத்தினவேல் பழைய லாரிப் பட்டையைப் பழுக்கக் காய்ச்சிப் பிளந்து, தட்டி, கண் சுருட்டி, ஒரே நாளில் ஒன்று செய்து கொடுப்பான்.

நேற்று, புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு அதில் ஒன்று ஒடிந்தது. கரையிலிருந்து ஆற்றுக்குள் இறங்கிக்கொண்டிருந்த ஜீப் இடப்பக்கம் இழுத்துப் புரண்டது. கல் மேல் உட்கார்ந்து வந்த அழகம்மாள் என்கிற சித்தாள் அடியில் சிக்கி அங்கேயே போய்விட்டாள். வண்டியை ஓட்டியவன் மதுரைவீரன், ராசாத்தியின் கூடப்பிறந்த தம்பி. அவனுடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே நேற்றுச் சாயங்காலமே எடுத்துவிட்டார்கள்.

வியாழன் காலை எட்டு மணிக்குக் கனி பாய் பட்டறைக்கு வந்தார். சைக்கிள் கேரியரில் சாக்கு. அதை எடுத்து உலைப்பக்கம் போட்டதும் இரும்பு இரண்டு துண்டாக உள்ளே மோதிற்று.

"வாங்க பாய்" என்றான் ரத்தினவேல். உலையில் கரி போட்டிருந்தான், மூட்டவில்லை.

"ஒன் மச்சினன் செஞ்ச வேலையப் பாத்தியா ரத்தினம்? ராத்திரி பூரா கண்ணு மூடல நானு. அந்தப் பொம்பளைக்கு மூணு புள்ளைங்க." கனி பாய் பட்டடைக் கல்லின் மேல் துண்டை விரித்து உட்கார்ந்தார். "ஒன் பட்டைக்குக் கொறை சொல்ல வரல. ரெண்டு வருஷமா ஓடுது, ஒரு புகார் உண்டா? பய வேகமா வந்திருக்கான். போலீஸ்காரங்களும் அதத்தான் எழுதியிருக்காங்க. ஜீப்புல ஏறிட்டா மிலிட்ரி மேஜர்னு நெனப்பு அவனுக்கு."

ராசாத்தி மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"குடும்மா. தங்கச்சி, தம்பிக்கு எது வேணும்னாலும் என்கிட்ட கேக்கணும். கூச்சப்படக் கூடாது. அவன் மேல எனக்குக் கோவம் இல்ல. வயசு அப்படி."

சாக்கின் வாயிலிருந்து ஒடிந்த துண்டு ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ராசாத்தி ஒடிந்த முகத்தைப் பார்த்தாள். நல்ல பட்டை ஒடிந்தால் உள்ளே சாம்பல் நிறத்தில் நைசாக இருக்கும். இது உடைத்த அச்சுவெல்லம் மாதிரி மணி மணியாக மின்னியது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரத்தினவேல் குனிந்து அந்தத் துண்டை எடுத்தான். ஒடிந்த பக்கம் தரையில் படும்படி கவிழ்த்து வைத்தான்.

"சனிக்கிழமைக்குள்ள இதுக்குப் பதிலா ஒண்ணு செஞ்சு குடு" என்றார் கனி பாய். "மேட்டூர்ல இன்னும் ஒரு வாரத்துல தெறந்துடுவாங்க. தண்ணி வந்துட்டா ஆத்துக்குள்ள வண்டி எறங்காது. இருக்கற வண்டிய வச்சு நான் ஒப்பேத்தணும்."

"செய்றேன் பாய்."

மீதி மூன்று வண்டியிலும் அதே நாள் செய்த பட்டை ஓடுகிறதே என்று ராசாத்தியின் நாக்கு வரை வந்தது. நான் பார்த்தது சரிதானா, பக்கவாட்டு வெயிலில் எந்த இரும்பும் மின்னத்தானே செய்யும் என்று தோன்றியது. மோர்த் தம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். கனி பாய் சைக்கிளை உருட்டிக்கொண்டு பாதையில் ஏறினார்.

அந்த நாலு பட்டைக்கும் பதம் போட்டது மே இருபத்தைந்தாம் தேதி, திங்கட்கிழமை.

பட்டைக்குப் பதம் போடுவது எப்போதும் விளக்கு வைத்த பிறகுதான். ரத்தினவேலின் அப்பா நாளிலிருந்து அப்படி. காய்கிற இரும்பின் சூட்டைக் கண்தான் அளக்க வேண்டும். மாதுளம்பூச் சிவப்பு வந்ததும் இடுக்கியால் எடுத்துப் பழைய எஞ்சின் ஆயிலில் முக்கிவிட வேண்டும். அதைத் தாண்டி இரும்பே பொறி விடுகிற அளவுக்குக் காய்ந்தால் வளைய வேண்டிய இரும்பு ஒடிகிற இரும்பாகிவிடும். வெயில் வெளிச்சத்தில் அந்தச் சிவப்பு சிவப்பாகத் தெரியாது, அதனால்தான் இருட்டு. தை மாதம் ராசாத்தி வகுப்புக்குப் போக ஆரம்பித்ததும் சாயங்காலம் துருத்திக்கு ஆள் இல்லாமல் போயிற்று. ரத்தினவேல்தான் ஒரு வழி சொன்னான். சுற்றிலும் சாக்குப் படுதாவை இறக்கிவிட்டால் உச்சிவேளையில்கூடப் பட்டறைக்குள் இருட்டுத்தானே, அப்போதே போட்டுவிடலாம் என்றான். அப்படியே போட்டார்கள். நாலு மாதத்தில் ஒரு பட்டையும் திரும்பி வரவில்லை.

அந்தத் திங்கட்கிழமையும் சாக்குப் படுதா இறக்கியிருந்தது. மேலே கூரை இல்லை. மழைக்கு முன்னால் புதுக் கீற்று வேய்வதற்காகப் பழையதைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். வேய்கிறவர் சொந்தத்தில் கல்யாணம் என்று போனவர் சொன்ன நாளில் திரும்பவில்லை. கனி பாய்க்குச் சாயங்காலம் நாலு பட்டையும் வேண்டும். உலைக்கு நேர் மேலே சூரியன் நின்றது.

கனி பாயின் இன்னொரு டிரைவர் ஜமால் அன்று பட்டை முடிந்ததா என்று பார்க்க வந்திருந்தான். ஒல்லியான ஆள், நிற்கிற இடத்தில் சும்மா நிற்க மாட்டான்.

"என்ன ஆசாரி, வானத்துக்கும் பட்டறை வாடகைக்கு விட்டுட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுத் தன் குடையை விரித்து உலைக்கு மேலே நீட்டினான். "தங்கச்சி கருத்துடப் போவுது. பாவம், படிக்கற புள்ள."

"பொறி பட்டுக் கொடை சல்லடையாப் போயிடும். எடுத்துக்கிட்டு அந்தப் பக்கம் போப்பா" என்று ரத்தினவேல் விரட்டினான்.

ராசாத்தி துருத்தியை அமுக்கி அமுக்கி ஊதினாள். முதல் பட்டை நிறத்துக்கு வர வழக்கத்தைவிட வெகுநேரம் ஆயிற்று. அவன் இடுக்கியால் எடுத்தபோது அதன் முனையிலிருந்து கம்பி மத்தாப்பு மாதிரி பொடிப்பொடியாகப் பொறி கிளம்பியது.

"ஏங்க, இரும்புலேருந்து பொறி வருதே."

"நெறம் இப்பத்தான் வருது. நீ ஊது."

அன்றைய குறிப்பில் 'இரும்பிலிருந்து பொறி வந்தது' என்று எழுதினாள். பிறகு தனக்கென்ன தெரியும் என்று நினைத்து, 'இரும்பிலிருந்து' என்பதை அடித்துவிட்டுக் 'கரியிலிருந்து' என்று மாற்றினாள்.

வியாழன் மத்தியானம் தூக்கில் ரசம் சாதமும் சுட்ட அப்பளமும் வைத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனாள். காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது. கீழே மணல்தான், ஒரு ஓரமாகக் கணுக்காலளவு தண்ணீரில் சலவைத் தொழிலாளிகள் துணியை அடித்துக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸுக்குள் அனல் அடித்தது.

மதுரைவீரனுக்கு இருபத்தொரு வயது. போர்வை ஒரு பக்கம் சீக்கிரமே தட்டையாகிவிட்ட கட்டிலில் தலையணையை நிமிர்த்தி வைத்துச் சாய்ந்திருந்தான்.

"அப்பளம் நமுத்துப் போச்சுக்கா."

"வெயில்ல வந்துச்சுல்ல. ரசத்துல முக்கிச் சாப்புடு."

"பக்கத்துக் கட்டில் பொன்மலைக்காரரு. ரயில் பட்டறையில பிட்டராம். கொறட்டைய வச்சே எந்த இஞ்சின்னு சொல்லலாம்." சிரிக்கப் பார்த்தான். இரண்டு வாய் சாப்பிட்டான். "போலீஸ்காரரு வந்தாரு. எவ்வளவு வேகம்னாரு. மீட்டர் ஓடாதுங்க, அது மிலிட்டரியிலேயே செத்துப் போச்சுன்னேன். அதையும் எழுதிக்கிட்டாரு."

"வேகமா வந்தியா தம்பி?"

"ரெண்டாவது கியர். கல்லு லோடு. அந்த எறக்கத்துல எங்கக்கா வேகமா வர்றது?" சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தான். "காலைல அழகம்மா புருஷன் வந்து கால்மாட்டுல நின்னாரு. திட்டுவாருன்னு பாத்தேன். ஒண்ணும் பேசல. மிச்சம் இருக்கற காலையே பாத்துக்கிட்டு நின்னுட்டுப் போயிட்டாரு. அப்ப நெனச்சேன், எல்லாரும் சொல்றாங்களே, வேகமாத்தான் வந்திருப்பேன் போலன்னு."

"சத்தம் கேட்டுச்சா ஒனக்கு?"

"டப்புன்னு கேட்டுச்சு. அப்பறம்தான் ஸ்டீரிங் கையை விட்டுப் பிடுங்கிக்கிட்டுப் போச்சு. இல்ல, அது பிடுங்கி, பள்ளத்துல விழுந்து, அதுல ஒடிஞ்சுதோ என்னமோ. படுத்துக்கிட்டே ஓட்டி ஓட்டிப் பாக்கறேன்க்கா. ஒவ்வொரு தரம் ஒவ்வொரு மாதிரி வருது. நீதான் எல்லாத்தையும் நோட்டுல எழுதற ஆளு. நீ சொல்லு, எது முன்னாடி?"

ராசாத்தி தூக்கிலிருந்து இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினாள்.

"சாப்புடு" என்றாள்.

வீடு திரும்பும்போது மணி ஐந்து. பட்டறையில் ரத்தினவேல் புதுப் பட்டைக்கு லாரி இரும்பை அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தான். கூரை போன வாரமே வேய்ந்தாகிவிட்டது. புதுக் கீற்று வாசம் உள்ளே நிறைந்திருந்தது.

"சாப்பிட்டானா?"

"ரெண்டு வாய்." தூக்கைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து நின்றாள். "காலைல அந்தத் துண்ட ஏன் கவுத்து வச்சீங்க?"

"எந்தத் துண்ட?"

"பாய் கொண்டாந்தத."

"சும்மா வச்சேன். இரும்பு எப்படி இருந்தா என்ன?"

"அன்னிக்குப் பொறி வந்துச்சுங்க."

"கரிப்பொறி."

"நானும் கரின்னுதான் மாத்தி எழுதினேன்."

"அப்பறம் என்ன? வாத்தியாரம்மா எழுதினதுல தப்பு இருக்குமா?"

"அன்னிக்கு மேல கூரை இல்ல" என்றாள் ராசாத்தி.

அவன் சுண்ணாம்புக் கட்டியைக் கீழே வைத்தான்.

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? அன்னிக்கு ரெண்டாவது பட்டையிலேயே சந்தேகம் வந்துச்சு. ஒன் கிளாசுக்காகத்தானே உச்சிப்பொழுதுல போட்டோம். எங்கப்பா இருந்திருந்தா இடுக்கிய எடுத்து மொகத்துலயே போட்டிருப்பாரு." சொல்லிவிட்டு முகத்தைத் துண்டால் துடைத்தான். "ஒன்னச் சொல்லல."

"சொல்லுங்க. கிளாசுக்காகத்தான் போட்டோம். அது நெசந்தானே."

அவன் எழுந்து சாக்கிலிருந்து நீளமான துண்டை எடுத்தான். இறுக்கியில் மாட்டித் திருகினான். சின்னச் சுத்தியலால் முனையில் ஒரு அடி போட்டான். நல்ல பட்டையாக இருந்தால் அதிர்ந்து சுத்தியலைத் திருப்பித் தள்ளும். இது ஓசைகூடப் பெரிதாக இல்லாமல் ஒரு சாண் துண்டாகக் கழன்று விழுந்தது. இன்னும் கொஞ்சம் வெளியே இழுத்து மாட்டி அடித்தான். அதுவும் விழுந்தது. மூன்றாவது தரம் அடிக்கக் கை ஓங்கியவன் அடிக்காமல் சுத்தியலைத் தொட்டித் தண்ணீரில் போட்டுவிட்டு உலைத் திட்டில் உட்கார்ந்துவிட்டான்.

"மதுரைவீரனுக்கு நான் என்னடி பதில் சொல்வேன்?"

"மொதல்ல மீதி மூணு ஓடுதுங்களே. அதக் கழட்டணும்."

"கழட்டணும்."

"இப்பவே போவோமா?"

"இருட்டற நேரத்துல வண்டி எடுக்க மாட்டாங்க. பாய் டவுன்ல எங்க இருப்பாரோ. விடியட்டும். மொத லோடுக்கு முன்னாடி கரையில நிப்போம்."

"பாய்கிட்ட என்ன சொல்வீங்க?"

"அதான் தெரியல" என்றான்.

ராத்திரிக்கு வடித்த சோற்றில் அப்படியே தண்ணீர் ஊற்றி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை விடிகாலையில் இரண்டு பேரும் கரைக்குப் போனபோது மணல் இன்னும் சூடேறவில்லை. புதன்கிழமை உருண்ட ஜீப்பைக் கயிறு கட்டி மேலே இழுத்து ஒருக்களித்து நிறுத்தியிருந்தார்கள். பக்கத்தில் ஓடுகிற ஜீப் இரண்டு நின்றது. மேஸ்திரி பிச்சமுத்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். சித்தாள் பெண்கள் சும்மாட்டுத் துணியைச் சுருட்டிக்கொண்டு கரையோரம் குந்தியிருந்தார்கள். அழகம்மாள் வழக்கமாக உட்காருகிற இடத்தில் யாரும் உட்காரவில்லை.

கனி பாய் ஆறு மணிக்கு வந்தார். ரத்தினவேல் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"பாய், அந்த நாலு பட்டையும் எரிஞ்ச பட்டை. பதம் தப்பிப் போச்சு. மதுரைவீரன் மேல தப்பில்ல. என் மேல."

கனி பாய் சைக்கிளை ஸ்டாண்ட் போடாமலே பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன சொல்றே நீ?"

ரத்தினவேல் மறுபடி சொன்னான். கூரையையும் உச்சிவெயிலையும் சொன்னான். வகுப்பைச் சொல்லவில்லை.

"நேத்து ஒன் பட்டறையில உக்காந்து மோர் குடிச்சேனே ரத்தினம். அப்ப ஒன் வாய்க்குள்ள என்ன இருந்துச்சு?"

"பயந்துட்டேன் பாய்."

"பயந்துட்டானாம்." கனி பாய் பிச்சமுத்தைப் பார்த்தார். "தண்ணி வர ஏழு நாளு. ஓடறது ரெண்டு வண்டி. அதையும் படுக்கப் போடுங்கறான்." சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு நிறுத்தினார். கரையில் குந்தியிருந்த பெண்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "கழட்டுப்பா. அந்தப் புள்ளைங்களை வீட்டுக்குப் போகச் சொல்லுங்க மேஸ்திரி."

ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கி ரத்தினவேலே கழற்றினான். முதல் பட்டையில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவதை மண்ணெண்ணெயில் துடைத்துப் பார்த்தபோது சுருட்டிய கண்ணுக்குப் பக்கத்தில் குறுக்கே முடி மாதிரி ஒரு கோடு தெரிந்தது. பாதிக்கு மேல் ஓடியிருந்தது.

"இது இன்னிக்கு மத்தியானத்தைத் தாண்டியிருக்காது" என்றார் பிச்சமுத்து.

ராசாத்தி சுற்றிலும் பார்த்தாள். "ஜமாலண்ணன் வண்டி எங்கங்க?"

"அது இங்க இல்ல" என்றார் கனி பாய். அப்போதுதான் அவருக்கே அது உறைத்தது. "செவ்வாக்கெழமையே பச்சமலைக்கு அனுப்பிட்டேன். மரம் எறக்கற வேலை, பத்து நாள் வாடகை. ரோடு கிடையாது, காட்டுப்பாதை."

அவர் பிச்சமுத்தின் பக்கம் திரும்பினார்.

"மேஸ்திரி, சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுங்க. துறையூர் பஸ்ஸப் புடிங்க. அங்கேருந்து அடிவாரத்துக்கு என்ன கெடைக்குதோ அதுல போங்க. வண்டி எங்க நிக்குதோ அங்கேயே நிறுத்திடச் சொல்லுங்க. ஒரு அடி உருட்டக் கூடாது. நடந்தே எறங்கி வரச் சொல்லுங்க அவனை." பிச்சமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேகமாக நடந்தார். "நான் சொன்னேன்னு சொல்லுங்க" என்று கனி பாய் பின்னாலேயே கொஞ்ச தூரம் போனார். "சிரிச்சுக்கிட்டே ஏதாச்சும் சொல்வான். கேக்காதீங்க."

அன்று பட்டறையில் உலை மூட்டவில்லை. ராசாத்தி வெண்டைக்காய் போட்டு ஒரு குழம்பு வைத்தாள். உப்பு பார்க்க மறந்துவிட்டாள். ரத்தினவேல் கழற்றிக் கொண்டுவந்த இரண்டு பட்டையையும் முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"இப்ப மேஸ்திரி துறையூர்ல இருப்பாரு" என்றாள் ஒன்பதரைக்கு.

"உம்."

"அடிவாரத்துக்குப் பஸ் இருக்குமா?"

"மரலாரி போகும். அதுல ஏறிக்குவாரு."

பதினொன்றரைக்கு, "பாத்திருப்பாரு" என்றாள்.

"ஜமால் கெட்டிக்காரன். பட்டையில சத்தம் வித்தியாசமா வந்தாலே கீழ எறங்கிப் பாக்கற ஆளு" என்றான் ரத்தினவேல். அதையே மத்தியானத்துக்குள் மூன்று தரம் சொன்னான்.

ஜும்மா தொழுகைக்குப் போய்விட்டுக் கனி பாய் அந்த வழியாக வருவார் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. மூன்று மணிக்கு மேற்கிலிருந்து காற்று கிளம்பி, ஆற்று மணலை வாரிக் கொண்டுவந்து குழம்புச் சட்டி வரை கொட்டியது.

விளக்கு வைக்கிற நேரத்தில் பிச்சமுத்து வந்தார். பாதையில் அவர் நடந்து வந்த விதத்திலேயே ரத்தினவேல் எழுந்து நின்றுவிட்டான்.

"உக்காருங்க மேஸ்திரி" என்றாள் ராசாத்தி. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"உக்காரலம்மா." நின்றபடியே சொம்பு முழுவதையும் குடித்தார். "அடிவாரம் வரைக்கும் போகவே வேண்டியதில்லாமப் போச்சு. துறையூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையிலேயே பேசிக்கிட்டிருந்தாங்க."

"எப்ப?" என்று கேட்டது ராசாத்திதான்.

"நேத்து சாயங்காலம் நாலு மணிக்கு. மரத்தோட எறங்கும்போது மூணாவது வளைவுல. ஜமாலும் மரம் ஏத்தற ஆளுங்க ரெண்டு பேரும்." சொம்பைத் திட்டில் வைத்தார். "முன்பக்கப் பட்டை தனியா பாதையிலேயே கெடந்துச்சு. வண்டி கீழ இருக்கு. பாய்க்குத் துறையூர்லேருந்து போன் போட்டேன், லைன் கெடைக்கவே மத்தியானமாயிடுச்சு. தொழுகை முடிஞ்சதும் கார் எடுத்துக்கிட்டு அங்க போயிட்டாரு. இன்னிக்கு ராத்திரியே உடம்பக் கொண்டாந்துடுவாங்க. காலைல ஒம்பதுக்கு மையத்து எடுக்கறதுன்னு ஜமால் வீட்டுல சொல்லச் சொன்னாரு. சொல்லிட்டுத்தான் வரேன்."

"சுராயா என்ன சொன்னாங்க?" சுராயா ஜமாலின் பெண்டாட்டி.

"வேகமா ஓட்டாதீங்கன்னு சொல்லித்தான் அனுப்பினேன்னுச்சு அந்தப் பொண்ணு. அங்கேயும் எல்லாரும் அப்படித்தான் பேசிக்கிறாங்க. வேகமா வளைச்சிட்டான்னு." பிச்சமுத்து யார் முகத்தையும் பார்க்காமல் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "நான் ஒண்ணும் சொல்லல. சொல்ற எடத்துல நான் இல்ல. வரேன்மா."

அவர் போன பிறகு ரத்தினவேல் உலைத் திட்டில் உட்கார்ந்து இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டான். அவன் கைகள் அவனுடையவை அல்ல என்பது போல அவற்றையே பார்த்தான்.

"நேத்து சாயங்காலம் நீ வந்து கேட்டியே" என்றான். "அப்பவே எல்லாம் முடிஞ்சு போச்சு."

"ஆமாங்க."

"அப்ப நாம கழட்டினது கழட்டாதது எல்லாம் ஒண்ணுதான்."

ராசாத்தி உள்ளே போய் விளக்கைத் தூண்டிவிட்டு நோட்டை எடுத்தாள். பின் அட்டையில் மணிகளை ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதினாள். வியாழன் காலை எட்டு, கனி பாய் பட்டறையில். எட்டரை, மேஸ்திரி சத்திரத்தில். பத்தரை, துறையூர். பன்னிரண்டு, அடிவாரம். ஜமால் வண்டி நிற்கிற இடத்துக்கு மலை ஏற இன்னும் ஒரு மணி நேரம் என்றே வைத்துக்கொண்டாள். நாலு மணியிலிருந்து கழித்தாள். தன் மேல் நம்பிக்கை இல்லாமல் இன்னொரு தரம் கழித்தாள். பஸ் ஒரு மணி நேரம் தாமதம் என்று போட்டுப் பார்த்தாள். டயர் வெடித்தது, லாரி கிடைக்கவில்லை, நடந்தே போனார் என்று போட்டுப் பார்த்தாள். எப்படிப் போட்டாலும் நேரம் மிச்சமிருந்தது. மோர்த் தம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே வந்தாளே, அந்த நேரம்தான் எந்தக் கணக்கிலும் வராமல் நின்றது.

வெளியே ரத்தினவேல் இரும்பைச் சாக்கில் போட்டுக் கட்டும் ஓசை கேட்டது. எதற்கென்று அவள் கேட்கவில்லை. நோட்டைத் திருப்பி இன்றைய தேதியைப் போட்டாள்.

5-6-1959, வெள்ளி.

இன்றைய பிழை இன்றையது அல்ல. நேற்றுக் காலை எட்டு மணிக்கு எனக்குத் தெரிந்ததை நான் சொல்லவில்லை. தெரியுமா என்று சந்தேகப்பட்டேன். தெரியும்.

நாளை: காலை ஒன்பது மணிக்கு ஜமாலை அடக்கம் செய்ய எடுத்துப் போவார்கள். ஆண்கள் எல்லோரும் கூடப் போய்விடுவார்கள். சுராயா வீட்டில் இருப்பாள். அப்போது போய், அவர் வேகமாக ஓட்டவில்லை, பட்டை எங்களுடையது என்று சொல்ல வேண்டும். அங்கிருந்து அழகம்மாள் வீடு. அங்கிருந்து போலீஸ் ஸ்டேஷன். என் வீட்டுக்காரர் வந்தால் இரண்டு பேரும். வராவிட்டால் நான்.